கை பட்டதற்குக் கத்தியா?

கொலை வழக்கில் இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை. "அவன் என்னிடம் தகாத முறையில் நடக்க முயன்றான், அதனால் வெட்டினேன்" என்ற வாக்குமூலத்தை எடைபோடும்போது முதலில் நினைவில் இருக்கவேண்டியது இதுதான். ஆணொருவர் இன்னோர் ஆணை இச்சையுடன் அணுகினார் என்பதே அவரை அடிக்கவும் கொல்லவும் போதுமான நியாயம் என்று நம்புவோர் நம்மிடையே ஏராளம். கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடித் தேநீர்க் கடைகளில் மட்டுமன்றி, படித்தவர்கள் கூடும் சபைகளிலும் இப்பேச்சைக் கேட்டிருக்கிறேன். "வேறென்ன செய்வான், அவனும் ஆம்பிளைதானே?" என்கிறார்கள். அந்த வாதம் நீதிமன்றப் படியேறக் கூடாது என்பதே என் கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது? 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 294 ஆம் பிரிவு கொலையை வரையறுக்கிறது. அதன் முதலாவது விதிவிலக்கு, பாரதூரமானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவர் உயிர் பறித்தால், அது கொலையாகாத குற்றமுள்ள ஆட்கொலை என்கிறது. வேறுபாடு சிறியதன்று. கொலைக்கு விதிக்கப்படும் தண்டனை மரணம். 1976 க்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும் தீர்ப்பு அதுதான். மற்றதற்குச் சிறைத்தண்டனை. ஆத்திரமூட்டல் போதுமானதா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதியோ ஜூரிமாரோ தீர்மானிக்க வேண்டும். வன்முறை கலவாத பாலியல் அணுகுமுறையைச் சட்டக்கோவை எங்கும் விலக்கவில்லை. ஆகவே கதவு திறந்தே கிடக்கிறது.

அந்தக் கதவை ஓரளவு சாத்தும் தீர்ப்பு ஒன்றும் நம்மிடம் உண்டு. இலங்கையிலிருந்து சென்ற பெரேரா வழக்கில் கோமறைக் கழகம் (1953 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் காணலாம்) ஒரு நல்ல அளவுகோலைத் தந்தது. 'பாரதூரம்', 'சடுதி' என்பன ஒப்பீட்டுச் சொற்கள். ஆத்திரமூட்டிய செயலையும் பதிலுக்குச் செய்த செயலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே அவற்றை அளக்க முடியும் என்பது அதன் சாரம். தோளில் பட்ட ஒரு கையையும் மார்பில் பாய்ந்த கத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடை சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் நீதிபதிகளும் தங்கள் காலத்தின் மனிதர்களே. 1997 இல் அவுஸ்திரேலிய மீயுயர் நீதிமன்றம், கிறீன் என்பவரின் வழக்கில், தன்பால் அணுகுமுறை ஆத்திரமூட்டலாக அமையலாம் என்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் இடமளித்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய இருவரில் ஒருவரான மைக்கேல் கேர்பி, வேண்டாத அணுகுமுறைக்கு ஆளாகும் ஒவ்வொரு பெண்ணும் இப்படிக் கொலைவெறி கொண்டால் சட்டம் என்னவாகும் என்ற பொருளில் கேட்டார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 இல் இந்த வாதத்துக்கு முடிவு கட்டியது. குயின்ஸ்லாந்து 2017 இலும் தென் அவுஸ்திரேலியா 2020 இலும் பின்தொடர்ந்தன. நியூசிலாந்து 2009 இலேயே ஆத்திரமூட்டல் வாதத்தை முழுமையாக நீக்கியிருந்தது.

கேர்பியின் கேள்வியைக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு வரும் காலை பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். இலங்கையில் 90 சதவீதப் பெண்கள் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியுள்ளனர் என்றும், அவர்களில் 4 சதவீதத்தினரே பொலிஸாரை நாடினர் என்றும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. இவர்களில் எத்தனை பேர் கொலை செய்தார்கள்? "சகித்துக்கொள், அடுத்த தரிப்பில் இறங்கு" என்றுதானே அவர்களுக்கு நாம் உபதேசிக்கிறோம்? அதே அனுபவம் ஓர் ஆணுக்கு ஒருமுறை நேர்ந்தால் மட்டும் அவனுடைய சினம் இயற்கையானது, மன்னிக்கத் தக்கது என்பது எந்த ஊர் நீதி? அங்கே காக்கப்படுவது மானமன்று, ஆண் என்ற அகந்தை.

"அப்படியானால் வல்லுறவுக்கு முயல்பவனைத் தடுக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்பர். தாராளமாகத் தடுக்கலாம். பாலியல் வன்தாக்குதலை எதிர்ப்பவர், வேறு வழியில்லாத நிலையில், உயிர் பறிக்கும் அளவுக்குக்கூடச் செல்லலாம் என்று தற்காப்பு பற்றிய பிரிவுகள் ஏற்கெனவே கூறுகின்றன. வன்முறையற்ற தொந்தரவுக்கு 345 ஆம் பிரிவு உண்டு. ஆண், பெண் பேதமின்றி எவரும் முறையிடலாம், ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஆபத்தில் இருப்பவருக்கு ஒரு சட்டம், அவமதிக்கப்பட்டவருக்கு இன்னொரு சட்டம். ஆத்திரக்காரருக்கு மூன்றாவது சலுகை எதற்கு?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 365, 365அ பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக்கின. 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அந்த வலைக்குள் இழுத்தது. அவற்றின் நிழலில் அடிபட்டவர், பணம் பறிக்கப்பட்டவர் பொலிஸ் நிலையம் போவாரா? முறைப்பாடே அவருக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். 2021 இல் இதே கண்டியில் பொலிஸாருக்கு நடந்த பயிற்சி வகுப்பொன்றில் இம்மக்களைப் பற்றி இழிவாகப் பேசப்பட்டது. அந்த ஒளிப்பதிவு வெளியானதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கலாயிற்று. காவலர்களுக்கே வெறுப்பைக் கற்பித்தால், விசாரணைப் புத்தகத்தில் இறந்தவரின் பக்கத்தை யார் எழுதுவார்?

2023 மே 9 ஆம் திகதி, இவ்வுறவுகளைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானம் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பிரேம்நாத் தொலவத்தவின் அந்தத் தனிநபர் சட்டமூலம், 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது காலாவதியாயிற்று. அதை மீண்டும் கொண்டுவருவோர் இதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஆத்திரமூட்டல் விதிவிலக்கை முற்றாக நீக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் கணவனிடம் உதைபட்டு ஒருநாள் திருப்பித் தாக்கிய பெண்ணுக்கு அது தேவைப்படலாம். அந்த விதிவிலக்குக்குச் சட்டக்கோவையிலேயே சில கட்டுப்பாடுகள் உள்ளன: தானே வலிந்து தேடிக்கொண்ட ஆத்திரமூட்டலுக்கும், சட்டப்படி நடந்த செயலால் எழுந்த சினத்துக்கும் சலுகை இல்லை. வன்முறையற்ற பாலியல் அணுகுமுறை எவரிடமிருந்து வந்தாலும் ஆத்திரமூட்டலாகாது என்ற ஒரு வரியை அவற்றோடு சேர்த்தால் போதும்.

வேண்டாதவரை "வேண்டாம்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்தச் சொல்லைக் கத்தியால் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.