செப்புக்காசுக்குச் சந்தை எங்கே?

2018 ஆகஸ்ட் 14-ஆம் தேதி ஃபிளிப்கார்ட் தன் வசமிருந்த இபே இந்தியா தளத்தை மூடியது. செல்போன், சட்டை விற்றவர்கள் வேறு தளத்துக்கு மாறிக்கொண்டார்கள். பழைய நாணயம் விற்பவர் எங்கே போவார்? வெளிநாட்டுக்கு விற்கும் இபே வழி மிஞ்சியது உண்மைதான். ஆனால் தூத்துக்குடிக்காரர் கையிலிருப்பது, 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்த டச்சுக் கம்பெனியின் செப்புக்காசு என்றால்? அதன் முத்திரை வி.ஓ.சி.; இன்றைய துறைமுகத்தின் பெயரும் அதுவே, வரலாற்றின் குறும்பு! நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது.

இந்த வியாபாரமே நம்பிக்கையில் ஓடுவது. கிராம் கணக்கில் எடை, இருபுறமும் தெளிவான படம், புளி போட்டுத் தேய்த்துக் கெடுக்காத பச்சைக் களிம்பு, இவற்றுக்கெல்லாம் மேலாக முன்பு வாங்கியவர்கள் எழுதிய மதிப்பீடு. தளம் போனால் அந்த நற்பெயருக்கு அடுத்த கடையில் செல்லுபடி இல்லை. ‘பழைய காசுக்கு லட்சங்கள்’ என்று முன்பணம் கறக்கும் கூட்டத்துக்கு இது கொண்டாட்டம். தன் பெயரில் கமிஷன் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டியதாயிற்று. கடையைக் கட்டும் நிறுவனம், விற்பவர் சேர்த்த மதிப்பீட்டையாவது அவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதைக் கட்டாயமாக்க அரசுக்கு என்ன தயக்கம்?