முதல் துளையை மாணவரே இடட்டும்

மாதிரி விமானம் செய்வதற்கான பெட்டிகள் இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. பெட்டியைத் திறந்தால், லேசர் கதிரால் வெட்டப்பட்ட பால்சா மரத் துண்டுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். துளைகளும் முன்பே இடப்பட்டிருக்கும். பாகங்களைப் பொருத்திப் பசையிட்டால் விமானம் உருவாகிவிடும். இது வசதிதான். ஆயினும், உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இத்தகைய பெட்டிகளோடு நின்றுவிடக் கூடாது. தங்கள் விமானத்தின் சில துளைகளையாவது தாங்களே இட்டுப் பழக வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு துளையில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். விமானத்தின் உடற்பகுதியில் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரக்கட்டை ஒன்று இருக்கிறது. இறக்கையைத் தாங்கும் குச்சி, அக்கட்டையில் உள்ள துளைக்குள் செல்கிறது. அத்துளை செங்குத்தாக இல்லாமல் 5 பாகை மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். கட்டையின் மறுபக்கத்தில் துளை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் விலகியிருக்கும். அது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால், அக்குச்சியில் 400 மில்லிமீட்டர் நீளமுள்ள இறக்கையைப் பொருத்தினால், அதன் நுனி ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். ஓர் இறக்கை மட்டும் இப்படி உயர்ந்திருந்தால், விமானம் நேராகப் பறக்காமல் ஒரு பக்கமாகத் திரும்பும். தொடக்கத்தில் செய்யும் சிறு பிழை, தூரம் கூடக்கூடப் பெரிதாகிறது. கணிதப் பாடத்தில் படித்த கோணத்தின் பொருளை மாணவர்கள் இங்குக் கண்ணால் காண்கிறார்கள்.

நேரான துளையை இடுவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. குறித்த புள்ளியில் கூர்மையான ஊசியால் சிறு குழி செய்துகொண்டால், டிரில் முனை வழுக்காது. மரத்திற்கு அடியில் வேண்டாத பலகைத் துண்டை வைத்தால், மறுபக்கம் பிளவுபடாது. டிரில்லுக்கு அருகில் மூலைமட்டத்தை நிறுத்தி, முன்னிருந்து ஒருமுறையும் பக்கத்திலிருந்து ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஒரு திசையில் நேராகத் தெரிவது, மற்றொரு திசையில் சாய்ந்திருக்கலாம். பழைய குறுந்தட்டும் உதவும். அதன் நடுத்துளை வழியே டிரில் முனையை இறக்கினால், பளபளப்பான தட்டில் முனையின் பிம்பம் தெரியும். முனையும் பிம்பமும் ஒரே கோட்டில் இருந்தால் டிரில் நேராக உள்ளது. கோடு முறிந்தாற்போல் தெரிந்தால் சாய்ந்துள்ளது.

பள்ளிப் பட்டறையில் துளையிடும் இயந்திரம் இருக்கும்போது, கையால் ஏன் சிரமப்பட வேண்டும் எனச் சிலர் வினவலாம். இயந்திரம் தேவைதான். எனினும், பல இயந்திரங்களில் மரத்தை வைக்கும் மேசையைச் சாய்க்க முடியும். முன்பு பயன்படுத்தியவர் அதைச் சாய்த்தபடியே விட்டுச் சென்றிருந்தால், இயந்திரம் எல்லாத் துளைகளையும் ஒரே மாதிரித் தவறாக இடும். மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவரே அத்தவற்றைக் கண்டுபிடிப்பார்.

மாணவர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. கையால் சுழற்றும் சிறிய டிரில்லில் தொடங்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மரத்தை அசையாதபடி இறுக்கி, ஆசிரியரின் மேற்பார்வையில் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும்.

நேரம் வீணாகும் என்போரும் உண்டு. விமானம் தரையில் மோதி உடைந்தபின் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பெட்டியை மட்டுமே நம்பிய மாணவர் புதிய பெட்டிக்காகப் பணம் கேட்பார். துளையிடப் பழகியவரோ, பழுதான துளையில் மரக்குச்சியைப் பசையோடு செருகி அடைப்பார். பசை காய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் துளையிடுவார். அவருடைய விமானம் மறுபடியும் பறக்கும்.

எனவே, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்திலோ புறப்பாட நடவடிக்கையிலோ விமானம் செய்யத் தொடங்குமுன், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பழைய மரத்துண்டைக் கொடுக்கலாம். அதில் பத்துத் துளைகள் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியைச் செருகி, மூலைமட்டத்தால் அவர்களே சோதித்துப் பார்க்கட்டும். முதல் குச்சி சாய்ந்து நிற்கலாம். பத்தாவது குச்சி நேராக நிற்கும்போது, அந்த மாணவர் விமானம் செய்யத் தயாராகிவிட்டார் என்று கொள்ளலாம்.