மருந்தை அரசு தருகிறது, உடன் நிற்பது யார்?



சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தைக்குக் காசநோய் என்ற செய்தி பள்ளியில் பரவியது. மறுநாளே இரண்டு பெற்றோர் வந்து, தங்கள் பிள்ளைகளை அவன் அருகில் அமர்த்த வேண்டாம் என்றனர். நானும் அவன் மேசையைச் சன்னலோரம் தனியே நகர்த்தினேன். கிளினிக்கில் சோதித்தபோது அவனுக்குத் தொற்றே இல்லை. மேசை மீண்டும் வரிசைக்கு வந்தது. பையன் மட்டும் பழையபடி பேசவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தவள்தான் நான்!

அவன் வீட்டில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. இரண்டு மாதம் மருந்து உண்டதும் தந்தைக்கு இருமல் நின்றது. கிளினிக்கில் காத்திருந்தால் அரைநாள் கூலி போகும். மருந்தை நிறுத்திவிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் நோய் திரும்பியது.

காசநோய்க்கான சிகிச்சை பொதுவாக 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், பின்னர் 4 மாதம் இரண்டு. இடையில் விட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். அதனால்தான் நோயாளர் மருந்தை விழுங்குவதை இன்னொருவர் நேரில் பார்க்கும் முறை வந்தது. முறையாக மருந்து உண்போரிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு சில வாரங்களிலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஊர் ஏசுமே என்று அஞ்சி மருத்துவரிடமே செல்லாதவரால்தான் ஆபத்து.

நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல் தொடங்கியது. ஆயினும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டறியப்படுகிறது. 2,000 பேருக்கு மேல் இறக்கின்றனர். 'அது அந்நியத் தொழிலாளர் நோய்' என்பாரும் உளர். நோயாளருள் பெரும்பாலோர் மலேசியர்களே.

அரசு கிளினிக்கில் நம் குடிமக்களுக்கு மருந்து இலவசம். ஆனால், ஆறு மாதம் ஒருவருக்குத் துணையாய் நிற்பதைக் கிளினிக் தாதியர் மட்டுமே செய்ய இயலுமா? வங்காளதேசத்தில் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1984-இல் இப்பணியைத் தொடங்கி, ஊர்ப் பெண்களையே பயிற்றுவித்தது. நோயாளர் அப்பெண்களிடமே சென்று மருந்து உண்டனர். தொடக்கத்தில் சிறு முன்பணம் கட்டுவர். சிகிச்சையை முடித்தால் ஒரு பகுதி அவருக்குத் திரும்பும், மறுபகுதி துணைநின்ற பெண்ணுக்கு. ஏழைகளிடம் முன்பணம் வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், அடுத்த வீட்டுப் பெண்ணே காவலாக இருந்தாளே, அது நமக்கும் ஆகும்.

தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போட நம்மிடம் எத்தனை சங்கங்கள்! கோயில் செயலவையும், இளைஞர் மன்றமும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வட்டாரக் கிளினிக்கோடு பேசி, இருவரையாவது பயிற்சிக்கு அனுப்பலாம். கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல ஒரு மோட்டார் சைக்கிள், வேலை இழந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு, அவ்வீட்டுப் பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் கொண்டு செல்ல ஓர் ஆள். ஒரே நிபந்தனை: நோயாளர் இசைந்தால் மட்டுமே உதவி, அவர் பெயர் எந்தக் கூட்டக் குறிப்பிலும் இடம்பெறக் கூடாது.

சென்ற கூட்டத்தில் இதனை முன்வைத்தேன். "நமக்கெதற்கு இந்த வம்பு, டீச்சர்?" என்றார் ஒரு பொறுப்பாளர். அடுத்த கூட்டத்திலும் முன்வைப்பேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். வருகிறீர்களா?