லினக்ஸுக்கு உறுப்பினர் அட்டையா?

கட்டற்ற மென்பொருள் இடதுசாரிகளின் சரக்கு என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். சாட்சிக்குக் கேரளப் பள்ளிகளை அழைக்கிறார். அங்கே லினக்ஸ் வேர்விட்டதில் 2006இல் வந்த அச்சுதானந்தனின் இடதுசாரி அரசுக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2011இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சிக்கு வந்த பிறகு அதை யாரும் பிடுங்கி எறியவில்லையே?

  2023இல் இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸுக்கு மாற்றாகத் தேர்ந்த ‘மாயா’, உபுண்டு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. அந்த அமைச்சகச் சுவரில் மார்க்ஸ் படம் தொங்குவதாக நான் கேள்விப்பட்டதில்லை! அரசுத் துறைகளில் திறமூலத்துக்கு முன்னுரிமை என்று 2015இல் கொள்கை வகுத்ததும் மோடி அரசுதான்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் இடதுபக்கம் சாய்பவர். திறமூலத்துக்காக வாதாடிய எரிக் ரேமண்டோ துப்பாக்கி உரிமைக்குக் கொடி பிடிப்பவர். எந்த நோக்கத்துக்கும் இயக்கிக்கொள் என்பது லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் தரும் முதல் உரிமை. அதில் ராணுவமும் அடக்கம், நண்பருக்குப் பிடிக்காத கட்சியும் அடக்கம்.

அதற்காக இதில் அரசியலே கிடையாது என்று மழுப்பமாட்டேன். 2021இல் டிரம்ப்பின் சமூக வலைத்தளமான ட்ரூத் சோஷியல், மாஸ்டடான் என்ற கட்டற்ற சமூக வலைத்தள மென்பொருளின் நிரலை எடுத்துக்கொண்டு மூலநிரலைக் காட்டாமல் இருந்தது. மாஸ்டடான் கடிதம் அனுப்பியது. டிரம்ப்பின் கொள்கையை மாற்றச் சொல்லி அல்ல, உரிமத்தின்படி நிரலைத் திறந்து வைக்கச் சொல்லி. சில வாரங்களில் அது வெளியே வந்தது.