மலைக்குப் போறோம், வேலைக்கு இல்ல

எங்கள் பக்கத்தில் 'மலை' என்றால் கொழுந்து பறிக்கும் இடம். காலையில் லயத்தில் "இன்னைக்கு எந்த மல?" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு நம்பர்தான் வரும். அஞ்சாம் நம்பர் மல, பன்னெண்டாம் நம்பர் மல. அம்மா மலைக்குப் போயிட்டாங்க என்றால் வேலைக்குப் போயிட்டாங்க என்று அர்த்தம். கெம்பசில் யாழ்ப்பாணத்துக் கூட்டாளிமார் "லீவுக்கு உங்கட பக்கம் மலை ஏற வரட்டா?" என்று கேட்கும்போது எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் வீடுகளில் நாள் தவறாமல் ஏறுகிறார்கள், முதுகில் கூடையோடு.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். வேலை, கடை, கோயில் என்று ஒரு காரணமும் இல்லாமல், கூட்டாளிமாரோடு மலைக்குப் போய் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு வருவது தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய ஒன்று. அதற்கு 'ஊர் சுத்துறது' என்று பேர் வைக்காதீர்கள். பொம்பளப் பிள்ளைகளுக்கு அது இன்னும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு பின்னேரத்தைப் பற்றிச் சொல்கிறோம். போயா லீவு ஒன்றில் வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் ஆறு பேர் சேர்ந்தோம். தலவாக்கலை தாண்டி நானுஓயா போகும் ட்ரெயின் நிற்கிற சின்ன ஸ்டேஷன் அது. எங்களில் இரண்டு பேர் கெம்பஸ். ஒருவன் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான், ஒருவன் தலவாக்கலையில் ஃபோன் திருத்துகிறான். ஒருத்தி முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். கடைசி ஆள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் தங்கச்சி. ரொட்டி, கட்டசம்பல், ஃபிளாஸ்க்கில் சாயத்தண்ணி. தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையைப் பிடித்து ஒன்றரை மணித்தியாலம் நடந்தோம். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசியது கொழும்புக்காரன் மட்டும். அவனைத்தான் அட்டையும் கூடுதலாகக் கடித்தது.

மேலே போய் உட்கார்ந்தால் ஒரு பக்கம் 2,200 மீற்றருக்கு மேல் உயரமான கிரேட் வெஸ்டர்ன் மலை. இன்னொரு பக்கம் பூண்டுலோயாவுக்கு இறங்கும் பள்ளத்தாக்கு. நாங்கள் வியூ பார்த்தது பத்து நிமிஷம் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் பேச்சுதான்.

அந்தப் பேச்சில்தான் தங்கச்சி சொன்னாள், ரிசல்ட் சரியில்லை என்றால் தன்னைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்ப வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று. அவளுக்கு இன்னொரு தடவை எழுத ஆசை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கொழும்புக்காரன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் கடையைப் பற்றிச் சொன்னான். காலையில் ஷட்டர் திறந்தால் இரவு மூடும்வரை நிற்கிற நிற்பு, உட்கார்ந்தால் முதலாளி பார்க்கிற பார்வை, தங்குகிற அறையில் எத்தனை பேர் என்கிற கணக்கு. இரண்டு வருஷமாக லீவுக்கு வரும்போதெல்லாம் "கொழும்பு சூப்பர் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். அவனே தங்கச்சியின் அப்பாவிடம் பேசுவதாக ஒத்துக்கொண்டான். அது என்ன ஆகும் என்று இதை எழுதும்வரை தெரியாது. ஆனால் அந்த இரண்டு பேரும் மனசில் இருந்ததை வாய் விட்டுச் சொன்ன இடம் அந்த மலை.

லயத்தில் இது நடந்திருக்குமா? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் ஐந்து, ஆறு பேர் இருக்கும் வீடுகள் எத்தனை! சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். வாசலில் பேசினால் லயம் முழுக்கத் தெரியும். டவுனில் வீடு இருப்பவர்களுக்கு ஒரு ஹோல் இருக்கிறது, மாடி இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. எங்களுக்கு மலைதான் ஹோல். அதிலும் ஆம்பளப் பையன்களுக்குக் கிரவுண்ட் இருக்கிறது, தேத்தண்ணிக் கடை இருக்கிறது, பாலத்துக் கட்டை இருக்கிறது. பொம்பளப் பிள்ளைகளுக்கு? பீலிக்கரையும் கோயிலும். இரண்டு இடத்திலும் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், குடமோ தேங்காய்த் தட்டோ.

இப்படிப் போகும்போது இரண்டு கேள்வி வரும். மேலே இருந்து ஒன்று, லயத்தில் இருந்து ஒன்று.

மேலே இருந்து வருவது வாச்சர் அண்ணனின் கேள்வி. "யார் வீட்டுப் புள்ளைங்க? ஐயாகிட்ட கேட்டீங்களா?" வேறொரு நாள், வேறொரு பக்கத்தில் இப்படி எங்களை நிறுத்தினார்கள். எந்தத் தோட்டம் என்பது இங்கே தேவையில்லை. கேமராவோடு அதே பாதையில் முன்னால் போன இரண்டு வெள்ளைக்காரர்களிடம் அந்தக் கேள்வி இல்லை, சிரிப்பு மட்டும்தான். அந்த அண்ணனில் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் கேட்ட கேள்வி அவர் பிறக்கும் முன்பே இருந்தது. வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று பிடிக்கலாம் என்றிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷம் போட்டுத்தான் உள்ளே போய் எங்கள் முன்னோரின் நிலைமையைப் பார்த்தார். 1931இல் அவர் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கியதற்குப் பின்னாலும் அந்த மாதிரி நடை இருந்தது.

அதற்கு அடுத்த வருஷம் துரைமாரின் சொந்த நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் கூட்டமாக ஏறினார்கள். பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலம் அது. காவல்காரர்கள் தடுத்தார்கள், தள்ளுமுள்ளு நடந்தது, ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். முன்னால் நின்ற பென்னி ரொத்மனுக்கு அப்போது 20 வயது, எங்கள் வயதுதான். அந்த மேடு அடங்கிய பகுதி 1951இல் இங்கிலாந்தின் முதலாவது தேசியப் பூங்கா ஆனது. 2000ஆம் ஆண்டு வந்த சட்டம் அப்படிப்பட்ட மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்தது. வாரம் முழுக்க ஆலையில் நின்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மூச்சு விட ஒரு மலை வேண்டும் என்பதுதான் அவர்களின் கோரிக்கை. அதைவிடப் பெரிதாக நாங்களும் எதுவும் கேட்கவில்லை.

எங்கள் மலைகளுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. கம்பெனிக்காரர் வைத்திருப்பது குத்தகை. மண் இன்னும் நாட்டுடையது. அந்த மண்ணில் பாதை போட்டது யாருடைய கால் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி லயத்தில் இருந்து வருகிறது. "பொம்பளப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கடா போறீங்க?" இதற்குப் பதில் சொல்வது வாச்சருக்குப் பதில் சொல்வதை விடக் கஷ்டம். கேட்பது எங்கள் சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அப்பாயி. அவர்களின் பயத்தை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. தேயிலைக்குள் குளவி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, சில இடத்தில் குடித்துவிட்டுக் கிடக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். அதே மலையில் அதே குளவிக்கு நடுவில் எங்கள் அம்மாமார் தினமும் 18 கிலோ, 20 கிலோ என்று பறித்துக் கொடுக்கிறார்கள். சம்பளத்துக்காக ஒரு பொண்ணு மலைக்குப் போனால் ஊர் ஒன்றும் சொல்வதில்லை. சிரிப்பதற்காகப் போனால்தான் பேச்சு வருகிறது. அப்படியென்றால் பிரச்சினை மலையில் இல்லை, அவள் சிரிப்பதில்தான் இருக்கிறது.

"இவங்களுக்கு வேற வேலை இல்ல. நாட்சம்பளம், வீடு, காணி என்று எவ்வளவு இருக்க, நடக்கிறதைப் பத்தி எழுதுறாங்க" என்று சிலர் சொல்லக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் சனம் நடந்த நடையெல்லாம் ஏதோ ஒன்றுக்காகத்தான். மன்னார்க் கரையில் இறங்கி காட்டு வழியே மலைக்கு வந்த நடை பிழைப்புக்காக. வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023இல், மலையகம் 200 என்று நினைவுகூர்ந்த வருஷம், ஜூலைக் கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடை உரிமைக்காக. அந்த நடைகளுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் 200 வருஷம் நடந்த சனத்தின் பிள்ளைகளுக்கு, ஒன்றுக்கும் இல்லாமல் நடக்க ஒரு பின்னேரம் சேரக் கூடாதா? ஓய்வும் சம்பளக் கோரிக்கையின் ஒரு பகுதிதான். எட்டு மணித்தியால வேலை கேட்டவர்கள் மிச்ச நேரத்தில் வாழத்தானே கேட்டார்கள்.

நடந்தால் வேறொன்றும் கிடைக்கிறது. சொந்த இடத்தைப் பற்றிய அறிவு. அன்றைக்கு மலையில் இருந்து பூண்டுலோயா ரோட்டுப் பக்கம் கை காட்டி, "அங்கதான் மடக்கொம்பரை, சி.வி. பொறந்த தோட்டம்" என்று முன்பள்ளி டீச்சர் சொன்னாள். சி.வி. வேலுப்பிள்ளை பெயர் எங்களில் எல்லாருக்கும் தெரியும். 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியில் இருந்து பாராளுமன்றம் போனவர், லயங்களில் பாடிய நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர் என்று பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஆள் இந்த மலைச்சரிவில் ஓடித் திரிந்த பையன் என்பது காலில் ஏறியது அன்றைக்குத்தான். அவரை அனுப்பிய சனத்தின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது என்பதையும் அங்கே உட்கார்ந்து பேசினோம். புத்தகத்தில் அது ஒரு வரி. கீழே தெரியும் லயங்களைப் பார்த்துக்கொண்டு பேசும்போது, அது ஒவ்வொரு கூரைக்கும் கீழே நடந்த விஷயம்.

இதையெல்லாம் நாங்கள் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். உலகத்தின் எங்கெங்கோ இருந்து வந்து நடக்கிறார்கள். நல்லது, வரட்டும், தோட்டத்துக் கடைகளில் நாலு பேருக்கு வியாபாரம் ஆகட்டும். எங்கள் கவலை வேறு. அந்தப் பழைய தோட்டப் பாதைகளைப் பற்றி அவர்கள் ஃபோனில் மேப் இருக்கிறது. எங்கள் தங்கச்சிமாருக்கு அடுத்த டிவிஷன் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

ஆகவே மூன்று விஷயம் கேட்கிறோம்.

இளைஞர் மன்றங்களிடம்: கிரிக்கெட் மேட்ச்சுக்குக் காசு சேர்க்கிறீர்கள், நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு நடையும் வையுங்கள். பொம்பளப் பிள்ளைகள் வரும்படி வையுங்கள். அவர்களின் அம்மாமாரையும் கூப்பிடுங்கள். குளவிக் கூடு எந்தப் பக்கம், எந்தக் கல் வழுக்கும், எத்தனை மணிக்குப் பனி இறங்கும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்?

தோட்ட நிர்வாகங்களிடம்: லீவு நாளில் எந்தப் பாதை திறந்திருக்கும், எங்கே மருந்து அடித்திருக்கிறது என்று தமிழில் ஒரு போர்டு போடுங்கள். வாச்சர் அண்ணனுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

வாசிக்கிற உங்களிடம்: போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ரயில் பாதையில் ரீல்ஸ் எடுக்க நிற்காதீர்கள். கொழுந்து நிரைக்குள் மிதிக்காதீர்கள், அது யாரோ ஓர் அம்மாவின் நாளைய கிலோ. பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். ஒரு கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மேப்பில் நம்பர் மட்டும்தான் இருக்கும். கொழுந்துச்சாமி கும்பிடும் கல் எது, கவ்வாத்துச்சாமி எது, பழைய லயம் இருந்த மேடு எது, வற்றிப்போன பீலி எது என்று உங்கள் அப்பாயி, அம்மாயிக்குத்தான் தெரியும். கேட்டு எழுதுங்கள்.

அடுத்த போயாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் ஒரு தங்கச்சியையாவது கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே போறீங்க என்று யாராவது கேட்டால் மறைக்க வேண்டாம். "மலைக்குப் போறோம், வேலைக்கு இல்ல, சும்மா" என்று சத்தமாகவே சொல்லுங்கள்.