பெருவிரல் காணொளியும் பரங்கிப்பேட்டை வெள்ளியும்

சிதம்பரம் நடராஜரின் பெருவிரல் புவியின் காந்த நடுக்கோட்டின் மையத்தில் ஊன்றியிருப்பதாக மேல்நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்களாம். காந்த நடுக்கோடு உலகைச் சுற்றிவரும் வளையம். வளையத்தின் மேல் நடுப்புள்ளி ஏது? நடராஜரின் பெருமைக்கு இந்தப் பொய்ச்சான்று தேவையுமில்லை. ஆயினும் இக்கதை காணொளிகளாக ஓயாமல் சுற்றுகிறது. பொய்யைப் படமாக்க ஆள் இருக்கிறது. மெய்யைப் படமாக்கத்தான் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

மெய்க்குப் பஞ்சமில்லை. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசன் குழுவினர், அலையாத்தி வண்டலிலிருந்து பிரித்த பெனிசிலியம் பூஞ்சை ஒன்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களை உருவாக்கினர். ஆய்வுக்கட்டுரை 2009இல் வெளிவந்தது. துகள்களின் அளவு 5 முதல் 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். பூஞ்சை வளர்ந்த வடிநீரில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தால் கரைசல் மெல்லப் பழுப்பேறுகிறது. கண்ணுக்கு எட்டாத துகள் தன் வரவை நிறத்தால் அறிவிக்கிறது. இதைவிடச் சிறந்த காட்சி எந்த இயக்குநருக்கு வாய்க்கும்? கடலூர் மாவட்டத்தில் எத்தனை பேர் இதைத் திரையில் கண்டிருக்கிறோம்?

அறிவியல் படங்கள் வருகின்றனவே என்பார்கள். வருகின்றன. பளபளக்கும் வண்ணப் பந்துகள் மிதக்க, பின்னணிக் குரல் அறிக்கை வாசிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மிகக் குறுகிய அலையே ஏறத்தாழ 400 நானோமீட்டர். 10 நானோமீட்டர் துகள் அந்த ஒளியில் பளபளக்கும் பந்தாகத் தெரிய வழியில்லை. உருவகமென்று சொல்லாமல் காட்டும் உருவகம் பார்வையாளரை ஏமாற்றுகிறது.

2013இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் செம்புத் தளத்தில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை நகர்த்தி, 242 சட்டகங்களில் 'ஒரு சிறுவனும் அவன் அணுவும்' என்ற படத்தை எடுத்தார்கள். சிறுவன் அணுவோடு விளையாடுவது கற்பனை. மூலக்கூறுகளைச் சுற்றித் தெரியும் அலைவட்டங்களோ ஓவியர் வரைந்தவையல்ல; செம்புப் பரப்பின் எலெக்ட்ரான்கள் எழுப்பியவை. கதைக்காக உண்மையை வளைக்கவில்லை. உண்மைக்காகக் கதையைக் கைவிடவுமில்லை.

அத்தகைய கருவியும் பணமும் நம்மிடம் இல்லை என்பது சாக்கு. பழுப்பேறும் குடுவையைப் படமெடுக்கக் கைப்பேசி போதும். ஆய்வு முடிந்தபின் 'படம் போட்டுத் தாருங்கள்' என்று கலைஞரை அழைக்கும் வழக்கத்தை நம் பல்கலைக்கழகங்கள் கைவிட வேண்டும். முதல் நாளே அவர் ஆய்வுக்கூடத்தில் நிற்கட்டும், புரியாததைக் கேட்கட்டும். பிழையைத் தடுக்கும் உரிமை விஞ்ஞானிக்கும், அலுப்பைத் தடுக்கும் உரிமை கலைஞருக்கும் சமமாக இருக்கட்டும். குறும்படத்துக்குக் கதை தேடிச் சென்னைக்குப் பேருந்து ஏறும் கடலூர் இளைஞர்கள், ஒருமுறை பரங்கிப்பேட்டைப் பேருந்தில் ஏறிப் பார்க்கலாம்.