கழற்றி வைத்த பிரதி எங்கே?

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் களஞ்சியத்தினுட் கப்பக்காரர் புகுந்தனர். கத்தியும் துப்பாக்கியும் கொண்டு வந்தவரல்லர் இவர். ஏடுகளை இருந்த இடத்திலேயே எவரும் வாசிக்கவியலாத மறைகுறியாக மாற்றிவிட்டு, அதனைத் திறக்கும் சாவிக்கு விலை கேட்பதே இக்கூட்டத்தாரின் தொழில். விளைவு யாது? அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச முகவரியைப் பயன்படுத்திய ஏறக்குறைய 5,000 மின்னஞ்சற் கணக்குகளில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தொழிந்தன. மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட அரச கருமத்தின் எழுத்துச் சாட்சியம் ஒரே வீச்சிற் போயிற்று.

பிரதி இருக்கவில்லையா? இருந்தது. ஆனால் அதுவும் இணைப்பிலேயே இருந்தது. மூலத்தைத் தாக்கிய கையே பிரதியையும் தாக்கிற்று. வேறாகக் கழற்றி வைத்த பிரதி அந்த நாட்களுக்கு இல்லையென்பதைப் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே ஒப்புக்கொண்டது. பயன்படுத்திய மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்கப் பணமிருக்கவில்லை என்றனர். 2022இல் நாடு வங்குரோத்தடைந்த கதையை அறியாதார் யார்? பணமுடையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பிரதியொன்றை எடுத்து, இணைப்பைக் கழற்றி, அலுமாரியிற் பூட்டுவதற்குத் திறைசேரி நிரம்பி வழியவேண்டுமோ? நாள்தோறும் அவ்வாறு பிரதியெடுக்கும் ஒழுங்கு தாக்குதலுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. கண் கெட்ட பின்னர் சூரிய நமஸ்காரம்!

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அதிகாரசபையொன்றில் உருவாகும் புதிய பதிவேடு எதுவும் 12 ஆண்டுகளுக்குக் குறையாமற் பேணப்படல் வேண்டுமென விதிக்கின்றது. காணி விடுவிக்குமாறோ, நியமனம் தருமாறோ அந்த நாட்களில் மின்னஞ்சலில் விண்ணப்பித்த ஒருவர், "எமக்குக் கிடைக்கவில்லை" என்று திணைக்களம் கையை விரித்தால் எதைக் காட்டுவார்? அழிந்தது கடிதம் மட்டுமன்று; அக்கடிதத்தின் மேல் நின்ற உரிமையும் அழிந்தது.

இத்தனைக்கும் இது நம் நாட்டுக்குப் புதிய தத்துவமன்று. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தைப் பாருங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இரட்டைப் பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாகவேண்டும். வேறு இடம், வேறு கை, வேறு பூட்டு. நொத்தாரிசின் கந்தோர் தீப்பற்றினாலும் காணிக்காரனின் உறுதி வேகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறிடத்திற் பிரதியுள்ள நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. பிரதியில்லா ஓலைச்சுவடிகளை எந்தக் கடையில் வாங்குவது?

அரசாங்கத்தைக் குறைகூறும் நம் வர்த்தகரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் தத்தம் கணனிகளை ஒருமுறை பார்க்கட்டும். புறக்கோட்டை மொத்த வியாபாரியின் கடன் பேரேடும், கஸ்தூரியார் வீதி நகைக்கடையின் இருப்புக் கணக்கும் இன்று கணனிக்குள்ளேயே இருக்கின்றன. "பிரதி எடுக்கிறோம்" என்பார்கள். எங்கே? அதே கணனியில் இரவும் பகலும் செருகப்பட்டிருக்கும் சிறு தட்டில்! கப்பக்காரன் மின்னஞ்சல் இணைப்பொன்றின் வழியோ, திருடிய கடவுச்சொல்லைக் கொண்டோ நுழைந்து, நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில், அரவமின்றி உள்ளே உலாவுகிறான். முதலிற் பிரதிகளைத் தேடி அழிக்கிறான். பின்னரே மூலத்தைப் பூட்டுகிறான். இணைய மேகத்திலுள்ள பிரதியும் கணனியில் நேர்வதை உடனுக்குடன் பின்பற்றுவதாயின், பூட்டப்பட்ட ஏட்டையே அதுவும் விசுவாசமாகப் படியெடுத்து வைக்கும்.

டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பற் கொம்பனிக்கு 2017 ஜூன் 27இல் நேர்ந்தது இதற்குச் சான்று. கப்பம் கேட்பதுபோல் வேடமிட்டு வந்த 'நொட்பெட்யா' என்னும் நாசகார நிரல், அதன் கணனிகளை உலகெங்கும் முடக்கிற்று. சுமார் 45,000 கணனிகளையும் 4,000 சேவையகங்களையும் புதிதாக அமைக்கவேண்டியதாயிற்று; நட்டம் 25 முதல் 30 கோடி டொலர். வலையமைப்பில் யார் யார்க்கு என்ன அனுமதி என்ற பதிவேட்டைப் பல நாடுகளிலிருந்த சேவையகங்கள் ஒன்றையொன்று பார்த்துப் படியெடுத்து வந்தன. அதனாலேயே அனைத்தும் ஒருங்கே மாண்டன. கானா நாட்டிலிருந்த ஒன்று மாத்திரம் தப்பியது. அங்கே அவ்வேளை மின்சாரம் தடைப்பட்டிருந்தது! உலகின் மாபெரும் கப்பற் கொம்பனியைக் காத்தது மின்வெட்டு. நமக்கும் மின்வெட்டுப் பழக்கமே. ஆனால் அதை நம்பி வியாபாரம் செய்யலாமா?

பணத்தைக் கொடுத்துத் தப்பலாமென்பாருக்கு 2021 மே மாதத்து அமெரிக்கக் கதையொன்று உண்டு. எரிபொருட் குழாய்க் கொம்பனியான கொலோனியல் 75 பிட்கொயினை, அதாவது சுமார் 44 லட்சம் டொலரை, கொடுத்துச் சாவியை வாங்கிற்று. சாவி வேலை செய்த வேகத்தைக் கண்டு, கொம்பனி தன் சொந்தப் பிரதிகளையே நாடவேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் இருக்கிறதே எனலாம். குற்றவாளி கடல்கடந்து முகமற்றிருக்கையில் அச்சட்டம் பேரேட்டை மீட்டுத் தராது.

செய்யவேண்டியது சிறிது. இரண்டு தட்டுகளை வாங்கி மாறிமாறிப் பயன்படுத்துக. கடை பூட்டுமுன் பிரதியெடுத்து, உடனே கழற்றி, ஒன்றையேனும் வேறிடத்தில் வைக்க. நேற்றைய பிரதியின் மேலேயே இன்றையதை எழுதி முந்தியதை இழக்காதீர். உள்ளே ஒளிந்திருப்பவன் நேற்றும் இருந்திருக்கலாம். மாதமொருமுறை அத்தட்டிலிருந்து கணக்கை வேறொரு கணனியில் மீட்டுப் பார்க்க; மீட்டுப் பாராத பிரதியை நீதிமன்றில் நாம் சாட்சியாக நிறுத்தமாட்டோம். களவாடிய தகவலை ஊரறியப் பரப்புவேனென்று மிரட்டுபவனை இது தடுக்காதென்பது உண்மை. அதற்குக் காவல் வேறு. ஆயினும் மறுநாட் காலையிற் கடை திறக்கும்.

அரசாங்கத்திடமோ கேட்கவேண்டியது வேறு. நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் வினாநேரத்தில், ஒவ்வொரு அமைச்சும் திணைக்களமும் கடைசியாகக் கழற்றி வைத்த பிரதியின் திகதி என்ன, அதனைக் கடைசியாக மீட்டுச் சோதித்த திகதி என்ன என்று கேட்டு, அவ்விரு திகதிகளையும் எழுத்தில் சபைமுன் வைக்கச் செய்யவேண்டும்.